தொப்புளைச் சுற்றி விரல் தடங்கள்

"என்னை வார்டுக்குள்ள விடமாட்டேங்கிறார், சிஸ்டர்" என்று சொல்லி அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். விடாதவர் அவள் கணவனின் அண்ணன்.

கணவனுக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. பத்து நாளாகக் காய்ச்சல், மூச்சுத் திணறல். எந்த மருந்துக்கும் மசியவில்லை. போதாததற்குத் தொப்புளைச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தினாற்போல ஊதா நிறத் தடங்கள். பணிவிடை செய்து அலுத்துப்போன தம்பி மனைவிதான் சித்திரவதை செய்கிறாள், சாப்பாட்டிலும் எதையோ கலக்கிறாள் என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார். நாளைக்குப் போலீஸ் என்றும் சொல்லியிருக்கிறார்.

உறுப்பு தருபவர் வீட்டாரிடம் பேசிப் படிவம் நிரப்புவதும், உறுப்பைப் பெற்றுக்கொண்டவர்களைக் கவனிப்பதும் சிஸ்டரின் வேலை. துப்புத் துலக்குவது அவள் ஆசை. ஒரே ஓட்டமாக ஆய்வக டாக்டரிடம் போனாள். 'பூதக்கண்ணாடி' என்று அவருக்குப் பெயர். இடியே விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று நிதானமாகக் கேட்கிற மனுஷன்.

அவர் நோயாளியின் வயிற்றைப் பார்த்தார். பாதத்தைத் தடவிப் பார்த்தார். பஞ்சு மாதிரி இருந்தது. சளியில் கொஞ்சம் எடுத்துப் போனார். ஒரு மணி நேரத்தில் அண்ணன், மனைவி, சிஸ்டர் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

நேற்றுக் காலை எத்தனை தடம் என்று அண்ணனைக் கேட்டார். ஆறு; அவரே செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். இன்றைக்குப் பதினொன்று.

"இந்தம்மா ரெண்டு நாளா வெளிய பெஞ்சுல இருக்காங்க. அப்ப இந்த அஞ்சும் யாரோட கை?"

அண்ணன் செல்போனை எடுத்து, படத்தில் இருந்த தடங்களை மறுபடி எண்ணினார்.

"கையே இல்ல. புழு. சளியில நெளியுது. தோலுக்கு அடியில ஓடுற இடத்துல ரத்தம் கசிஞ்சு இப்படித் தடமாகுது." அது மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறுவது என்றார் டாக்டர். தம்பி மண்ணில் நடந்ததுண்டா என்று கேட்டதற்கு, பிறந்ததிலிருந்தே நாலாவது மாடி, செருப்பில்லாமல் வாசலைத் தாண்டியதில்லை என்றார் அண்ணன்.

"அப்ப கிட்னியோட வந்திருக்கு."

"இருக்காது டாக்டர்" என்று சிஸ்டர் முந்திக்கொண்டாள். "கொடுத்தவர் கடிகாரக் கடைக்காரர். படிவத்துல இருக்கு."

"கடைக்கு முன்னாடி?"

சிஸ்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூளைச்சாவு அடைந்த அந்தக் கடைக்காரரின் மனைவி, படிவம் நிரப்பிய அன்றைக்கு அழுகைக்கு நடுவே சொல்லியிருந்தாள்: இளவயதில் செங்கல் சூளையில் வெறுங்காலோடு மண் மிதித்தவராம், செருப்பு போட்டதே கடை வைத்த பிறகுதானாம். படிவத்தில் 'தற்போதைய தொழில்' என்று ஒரே கட்டம்தான். பாவம், புலம்புகிறாள் என்று நினைத்து சிஸ்டர் அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டாள்.

முப்பது வருஷம்கூட அந்தப் புழு உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும் என்றார் டாக்டர். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை, உடம்பின் காவலையே முடக்கிவிடுகிறது. அப்போது அது பெருகிப் பரவும்.

"பிழைப்பாரா?" என்றாள் மனைவி.

"மருந்து ஆரம்பிச்சாச்சு. உறுதியா சொல்ல முடியல. முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

யார் தவறு என்று அவர் சொல்லவில்லை. "எழுதாம விட்டது நான்தான்" என்று சிஸ்டரே சொன்னாள். அழுதுவிட்டாள்.

அந்தப் பெண் திட்டுவாள் என்று சிஸ்டர் காத்திருந்தாள்.

"அந்தக் கடைக்காரருக்கு ரெண்டு கிட்னி இருந்திருக்குமே. இன்னொண்ணு யாருக்குப் போச்சு?" என்றாள் அவள்.

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். பக்கத்து ஊரில் ஒரு பஸ் ஓட்டுநருக்கு என்றாள் சிஸ்டர்.

"முதல்ல அவருக்குச் சொல்லுங்க. என்கிட்ட அப்புறம் அழலாம்." அந்தப் பெண் எழுந்து வார்டுக்கு நடந்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார்.

சிஸ்டர் எண்களை அழுத்தினாள். ஓட்டுநரின் மனைவிதான் எடுத்தாள். கேட்பதற்கு முன்பே குரலில் சந்தோஷம் பொங்கியது.

"நல்லா இருக்கார், சிஸ்டர். எல்லாம் உங்க புண்ணியம்."

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரை இப்போதே அழைத்து வரச் சொன்னாள்.