இல்லாத குடல்வால்

“எங்க அண்ணனை ஆஸ்பத்திரிதான் கொன்னுச்சு. நீங்க அதை நிரூபிச்சுக் குடுக்கணும்” என்றாள் நெல்டா. ஜூன் மாத வெயிலிலும் அவள் தலையில் கம்பளித் தொப்பி. கீமோ சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டியிருந்தது. அவள் கணவன் வெண்டல் கதவில் சாய்ந்து நின்றான்.

ஹார்லன் கிரீப் காபி ஊற்றினார். இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, ‘பணம் கிடையாது’ என்று நோயாளிகளுக்குக் கடிதம் போட்டே வயிறு வளர்த்தவர். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்த வெஸ்ட் வர்ஜீனியா ஊரில் துப்பறிய வந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

நெல்டாவின் அண்ணன் டுவைட் வயிற்று வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு வருடத்துக்கு முன்பே அவனுடைய குடல்வாலை எடுத்தாயிற்று என்று அங்கே கம்ப்யூட்டரில் இருந்தது. அதனால் டாக்டர்கள் சிறுநீரகக் கல்லைத் தேடினார்கள். அதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது.

“அவனுக்கு ஆபரேஷனே நடக்கல சார். சவப்பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி நான்தான் சட்டை போட்டுவிட்டேன். உடம்புல ஒரு தழும்பு கிடையாது.”

உதவியாளர் மேவிஸ் துள்ளினாள். “அதே பேர்ல வேற ஆளு, பாஸ்! ஃபைல் மாறிப்போச்சு!”

“பிறந்த தேதியுமா மாறும்?” என்றார் கிரீப். “அங்க மொதல்ல கேக்குறதே இன்சூரன்ஸ் கார்டைத்தான். எங்க வலிக்குதுங்கறதெல்லாம் அப்புறம்.”

“தழும்பு எங்க தெரியப்போகுது?” என்றான் வெண்டல். “இப்பல்லாம் மூணு சின்ன ஓட்டைதான். ஒண்ணு தொப்புளுக்குள்ளயே போட்டுடுவாங்க. நெல்டா கவனிச்சிருக்க மாட்டா.”

கிரீப் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு நெல்டாவிடம் திரும்பினார். “எடுத்தது உண்மைதானான்னு டாக்டர் கேக்கலையா?”

“அண்ணன் காய்ச்சல்ல பினாத்திட்டு இருந்தான். பக்கத்துல வெண்டல்தான் இருந்தான். எனக்கு அன்னைக்கு கீமோ.”

“கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?”

“போன வருஷம்தான். இவன் அண்ணனோட சிநேகிதன்.”

கிரீப் கோப்பையைக் கீழே வைத்தார். “டுவைட் கார்டைக் காட்டி யாரோ ஆபரேஷன் பண்ணிக்கிட்டான். பில் வீட்டுக்கு வந்திருக்கும், ஆனாலும் டுவைட் புகார் குடுக்கல. அப்படின்னா கார்டைக் குடுத்ததே அவன்தான். யாருக்குக் குடுப்பான்? இன்சூரன்ஸ் இல்லாத சிநேகிதனுக்கு. வெண்டல், அப்போ உங்களுக்கு வேலை இருந்துச்சா?”

“சுரங்கத்தை மூடிட்டாங்க. அதுக்கென்ன இப்போ?”

“சட்டையைத் தூக்குங்க.”

அவன் அசையவில்லை. நெல்டாவே எழுந்து போய்த் தூக்கினாள். அவள் ஏற்கெனவே பார்த்திருந்த சின்னத் தழும்புகள்தான் அங்கே இருந்தன.

“சுரங்கத்துல கம்பி குத்துனதுன்னு சொன்னியே...” என்றாள் நெல்டா. “டாக்டர் கேட்டப்ப என்ன சொன்ன?”

“எடுத்தாச்சுன்னு சொன்னேன். இல்லைன்னா கார்டை வச்சு ஏமாத்துனதுக்கு எனக்கு ஜெயிலு, நெல்டா. ஸ்கேன்ல எப்படியும் தெரிஞ்சிரும்னு நினைச்சேன்.”

உயிரைக் காப்பாற்றிய நண்பனின் உயிரை ஒரே வார்த்தையில் முடித்திருந்தான் பாவி.

மேவிஸ் போனை எடுத்துவிட்டாள். “ஷெரிஃபைக் கூப்பிடவா, பாஸ்?”

“அவங்கதான் சொல்லணும்” என்றார் கிரீப், நெல்டாவைப் பார்த்து. “ஒண்ணு யோசிச்சுக்கங்க. இவர் உள்ள போனா வேலை போயிரும். உங்க கீமோ இவர் வேலையோட இன்சூரன்ஸ்லதானே நடக்குது?”

நெல்டாவின் கை தொப்பியைத் தொட்டது. பிறகு வெண்டலின் சட்டையை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

“போனை வைம்மா” என்றாள் மேவிஸிடம். “எங்க அண்ணனை ஆஸ்பத்திரிதான் கொன்னுச்சு. வெண்டல், வண்டியை எடு.”