நூல் முனையின் ருசி

பதினைந்து நாளாக ஹேமநாத்தின் வாயில் எல்லாமே ஒரே ருசியாக இருந்தது. இட்லி, டீ, திருமலை லட்டு, பல் விளக்கிய பேஸ்ட்கூட, கெட்டுப்போன முட்டை வெள்ளையை மருந்தில் ஊறவைத்த மாதிரி வழவழவென்று நாக்கின் அடியில் தங்கிக் குமட்டியது.

"இன்னாடா, டப்பாவைத் தொறந்து வெச்சிக்கினு மோந்து பாக்கற? துன்னு" என்றார் தணிகாசலம். திருப்பதியில் அந்த மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு பிரிவில் அவர் மூத்த அட்டெண்டர்.

"எறங்கலண்ணா. அந்த நூலு..."

"நகரிக்காரன் புத்தி! மூளையையும் தறி நாடான்னு நெனச்சி உறிஞ்சிட்டியா?"

ஹேமநாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தானமாக வந்த உடலிலிருந்து எடுத்த மூளை அமுங்கித் தட்டையாகாமல் இருக்க, அதன் அடியில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் நூலைக் கோத்து, பார்மலின் வாளியில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். பதினைந்து நாள் முன்பு, அப்படிக் கோக்கும்போது நூல் நழுவியது. முனை பிரிந்தது. நகரியில், நாடாவின் கண்ணில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கும் விசைத்தறி வீட்டில் வளர்ந்த பழக்கம். யோசிக்கும் முன்பே முனையை வாயில் வைத்துத் திரித்துவிட்டான். சளி மாதிரி ஏதோ நாக்கில் ஒட்டியது. துப்புவதற்குள் உள்ளே போய்விட்டது.

தணிகாசலத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. இன்றைய வகுப்பு ஒழுங்காக முடிந்தால் அவனுடைய அட்டெண்டர் வேலை நிரந்தரம் என்று பிரிவுத் தலைவர் டாக்டர் பிரமிளா சொல்லியிருந்தார்.

இரண்டு மணிக்கு அதே மூளையை வாளியிலிருந்து எடுத்துக் குழாயடியில் கழுவினான். கையுறையைத் தாண்டியும் அந்தச் சில்லிப்பு விரலில் ஏறியது. மடிப்புகளின் இடுக்கிலிருந்து கலங்கல் நீர் சொட்டியது. இடது கட்டைவிரல் மூளையின் உச்சியில், இடப்பக்கமாக அழுந்தியது.

அவனுடைய வலது கால் விருட்டென்று உதைத்தது. வாளி உருண்டது.

மறுபடி அழுத்தினான். மறுபடி உதை.

விரலைக் கொஞ்சம் கீழே இறக்கினான். வலது கை தானாகச் சுருண்டது. இன்னும் கீழே. உதடு கோணி, எச்சில் ஒழுகியது.

சொன்னால் பைத்தியம் என்பார்கள். வேலை போகும்.

"எந்தசேபு, எவ்ளோ நேரம் ஹேமநாத்? ஸ்டூடென்ட்ஸ் வந்தாச்சு. டிரேல வைய்யா" என்று பிரமிளாவின் குரல் வந்தது.

வைத்தான். சுற்றிலும் நாற்பது முகங்கள். பிரமிளாவின் கையில் நீளக் கத்தி. நெற்றிப் பக்கத்து முதல் துண்டு பனீர் மாதிரி ஓசையில்லாமல் பிளந்து விழுந்தது. அவன் நெற்றிக்குள் எதுவோ சில்லென்று காலியானது.

வேலை நாசமாகப் போகட்டும்.

"மேடம், வெட்டாதீங்க மேடம். அது என்..."

கத்தி இறங்கியது.

"இடப்பக்கம், இந்த மடிப்பு. பேச்சு இங்கதான் உருவாகுது" என்றார் பிரமிளா மாணவர்களிடம். பிறகு திரும்பி, "என்னய்யா சொன்ன?"

வார்த்தைகள் எல்லாம் உள்ளேயே இருந்தன. வாயில் அந்த ருசி மட்டும்.

"சரி, அடுத்தது அசைவு. கை, கால், எல்லாம் இந்தப் பட்டைதான்."

துண்டு. கை தொங்கியது. துண்டு. கால்கள் மடிந்தன.

தணிகாசலம் ஓடிவந்து தாங்கினார். "காலைலேந்து ஒண்ணும் துன்னல மேடம். மயக்கம்."

"உக்கார வைங்க. நாம முடிச்சிடலாம்."

டிரேயைப் பார்க்கும்படி அவனை ஸ்டூலில் சாய்த்து வைத்து, ஒழுகிய எச்சிலைத் தணிகாசலமே தோள்துண்டால் துடைத்தார். ஹேமநாத் கத்தினான். வெறும் மூச்சு வந்தது.

"பார்வை எங்க இருக்குது? நீ சொல்லும்மா."

ஒரு மாணவி பின்கோடியைத் தொட்டுக் காட்டினாள்.

கத்தி இடப்பக்கம் இறங்கியது. அறையின் வலது பாதி, சன்னல், தணிகாசலம், அந்த மாணவி, எதுவும் இல்லை. அங்கே இருட்டுகூட இல்லை. மிச்சமிருந்த பாதியில், கத்தியில் அப்பிய சாம்பல் நிறக் குழைவை டிரேயின் விளிம்பில் நிதானமாக வழித்துப் போட்டுவிட்டு, பிரமிளா கத்தியை மூளையின் வலப்பக்கத்துக்கு நகர்த்தினார்.