ஆவடி ஸ்டேஷனில் ஒரு சிகரெட்

ஒரு சிகரெட்டே சிகரெட் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தஸ்லீம் பார்த்தாள். அதுவும் ஆவடி ஸ்டேஷன் வாசலில், நிதி தரும் வெளிநாட்டு அதிகாரிகள் வந்து இறங்கிய அதே நேரத்தில்!

புகைப்பழக்கத்தை விடச் சொல்லி அவளுடைய தொண்டு நிறுவனம் நடத்தும் தெருநாடகம் அது. ஆளுயர அட்டை சிகரெட் வேஷம் போட வேண்டியவருக்குத் திடீர்க் காய்ச்சல். அவசரத்துக்குக் கிடைத்தவன் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜாகிர். வேஷத்தின் கண் ஓட்டைகள் வழியாகக் குபுகுபுவென்று புகை...

"அறிவிருக்கா உங்களுக்கு?" அட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க... உள்ள ஒரே டென்சன்..."

"என்னைப் பெத்த அத்தாவும் ஒண்ணே ஒண்ணுன்னுதான் சொன்னாரு. இப்ப அவரு இல்ல!"

ஓட்டைக்குள் இரண்டு கண்கள் திகைத்து நின்றன. சே, என்ன கண்கள்... மழைக்கு முந்தின வானம் மாதிரி! அந்தக் கோபத்திலும் அவளுக்கு அது தெரிந்துபோனதுதான் கொடுமை.

அடுத்த வாரமே நிதி நின்றது. புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்கள் வந்து பேசும் அவளுடைய சின்ன ஆலோசனை அறைக்கு இனி வாடகை யார் தருவது? விசாரிக்க வந்த ஜாகிரிடம், "எல்லாம் உங்களாலதான்!" என்று பொரிந்து தள்ளினாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் கூலி வாங்காமல் வேஷம் கட்டினான். சிகரெட்டைத் தொடவே இல்லை. கூட்டத்தைச் சிரிக்க வைத்து அறைக்கு ஆள் அனுப்பினான். அவளும் கைக்காசைப் போட்டுச் சமாளித்தாள். அவன் வரும் நேரமானால் மட்டும் அவள் கண் வாசலுக்கே போனது...

ஒரு மழை நாள். தெப்பலாக நனைந்து வந்து நின்றான்.

"ஆட்டோவை வித்துடலாம்னு கீறேன். ரூம் வாடகைக்கு ஆவும்."

அவன் பிழைப்பே அதுதானே!

"விக்காதீங்க. நிதி நின்னது உங்களால இல்ல. நம்மள மாதிரி நாடுங்களுக்குத் தர்றதை நிறுத்த அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. சிகரெட் விக்கிறவனுக்குக் கோடி கோடியா கொட்டுது... வேணாம்னு சொல்றவங்களுக்குத்தான் யாரும் தரமாட்டாங்க. நான்தான் கோவத்துல பழியை உங்க மேல போட்டேன்."

"தெரியுங்க."

"தெரியுமா?!"

"உங்க ஆபீஸ் சுசீலா அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு தினமும் வந்தீங்க?"

ஜாகிர் தலையைச் சொறிந்தான். "தப்பு என்னுதுன்னு இருந்தாதானே உங்க முன்னாடி வந்துகினே இருக்க முடியும்..."

தஸ்லீமுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஆட்டோ இருக்கட்டும். ரூமை ரெண்டு பேருமா பாத்துக்கலாம்," என்றாள். "தப்பே இல்லன்னாலும் வாங்க ஜாகிர்... எனக்கு நீங்க வேணும்."