வலக்கை இல்லாத வக்கீல்

சோபியா டீச்சர் கண்ணாடிச் சட்டமிட்ட பட்டுப் படத்தை வக்கீல் சுபத்ராவின் மேசைமேல் வைத்துவிட்டு, உட்காராமலேயே அழ ஆரம்பித்தாள். குமாஸ்தா பச்சையப்பனுக்குக் கை பரபரத்தது. மர்மம் என்று ஏதாவது வந்துவிட்டால் அவருக்கு டீகூடத் தொண்டையில் இறங்காது.

"எங்க பெரியப்பா பையன் சாலமோன் அண்ணன் ஒரிஜினலை வித்துட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டாருங்க, மேடம். போன மாசம் புதுச் சட்டம் போட அவர்கிட்டதான் குடுத்தேன்."

படத்தில் இருந்தவர் எலியாஸ் பிரென்ட், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கச் சிற்றூர் வக்கீல். அடிமைகளாயிருந்தவர்களுக்காக வாதாடியவர். போரில் இடக்கையை இழந்தவர். பிறகு சட்டசபைக்குப் போய், கறுப்பினக் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கச் சட்டம் கொண்டுவந்தார். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் அனுப்பிய சோளத்தைத் தின்று பிழைத்த ஆரணிப் பையன் ஒருவன், வளர்ந்து நெசவாளியாகி, அவருடைய புகைப்படத்தைப் பார்த்துப் பட்டில் நெய்தான். அவன்தான் சோபியாவின் எள்ளுத் தாத்தா.

எலியாஸின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி முடித்த சோபியா, அட்டைக்காக இந்தப் படத்தைப் போட்டோ எடுத்து அவருடைய ஊர் நூலகத்துக்கு அனுப்பியிருந்தாள். 'இவர் எங்கள் வக்கீல் அல்ல. இவருக்கு இல்லாதது வலக்கை' என்று பதில் வந்துவிட்டது.

"வீட்ல மாட்டியிருந்தப்ப எந்தக் கைன்னு பாத்தீங்களா?" என்று நிதானமாகக் கேட்டார் சுபத்ரா.

"பொறந்ததுலேந்து பாத்துகினு இருக்கேன். கையை யாருங்க கவனிச்சா? அண்ணனை எல்லார் எதிர்லயும் திருடன்னு சொல்லிட்டேன். அப்புறம் அவரு எங்க வீட்டுப் பக்கமே வரல."

"ஜல்தியா அந்தாளைக் கூட்டாந்து ரெண்டு கேள்வி கேட்டா..." என்று எழுந்தார் பச்சையப்பன்.

"இருங்கண்ணே. கோட்டுப் பட்டனைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். "இதென்ன, பொம்பளைங்க சட்டை மாதிரி இடது பக்கம் இருக்குது! டூப்ளிகேட் போட்டவன் நல்லா சொதப்பிட்டான் மேடம்!"

"போலி பண்றவன் மொதல்ல சரிபாக்கறதே அந்தக் கையைத்தான். இங்க கையும் மாறியிருக்கு, பட்டனும் மாறியிருக்கு. அப்ப படமே முழுசா திரும்பியிருக்கு. உங்க வீட்டுத் தறியில புடவை எப்படிண்ணே வருது?"

"முகம் கீழ, முதுகு மேல. நூல் முடிச்செல்லாம் நம்மளைப் பாத்துகினு..." பச்சையப்பன் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார். "மயிலுன்னா ஜோடியா எதிரெதிரா நெய்வோம், திரும்பினாலும் பேஜார் இல்ல. ஒத்த மனுஷனைத் தறியில யாரு நெஞ்சாங்க? போட்டோல பாத்தபடியே நெஞ்சிட்டாரு பெரியவரு, அதான் முன்பக்கம் திரும்பிடுச்சு!"

சுபத்ரா பின்பலகையைக் கழற்றினார். பட்டின் நான்கு மூலைகளிலும் ஆழமாய் ஊறிய பழைய ஆணித் துரு. "ஒரு மாசத்துல இப்படித் துரு ஊறுமா, டீச்சர்?" நூல் பிசிறுகளுக்கு நடுவே, பின்பக்கத்திலிருந்து எலியாஸ் பார்த்தார். அங்கே காலியாகத் தொங்கியது கோட்டின் இடது கைதான்.

சோபியாவுக்கு அவமானமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. அங்கேயே போன் போட்டாள். "அண்ணா, தப்பு என்மேலதான். நீ திருடல. மன்னிச்சுடு." விஷயம் முழுவதையும் அழுதுகொண்டே சொன்னாள்.

மறுமுனையில் சாலமோன் கேட்டார்: "அப்ப புக்கு அட்டையில எப்படிம்மா போடப் போற? திருப்பியா?"

"இல்லண்ணா. தாத்தா நெஞ்சபடியே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சட்டத்தைப் பிரிச்சுட்டோம். நீயே வந்து ஆணி அடிச்சுக் குடு."