வீட்டைக் காலி செய்த காரணம்

கதவைத் திறந்ததுமே டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது.

"யாரு?"

"வீட்டுக்காரி."

"அப்ப நான் யாரு?"

பட்டப்பகல்தான்... ஆனால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டு வீட்டையே இருட்டாக்கி வைத்திருந்தான் அவன். டார்ச் தாழ்ந்த பிறகுதான் அந்தக் கண்கள் தெரிந்தன. தூக்கம் பாதியில் கலைந்த பெரிய கண்கள்... கோபப்பட்டும் குரலை உயர்த்தத் தெரியாத ஒரு மனிதனின் கண்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிப்பதுதான் அவள் வேலை. இருந்தும் இந்தக் கண்களை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. நனைந்த கூந்தலிலிருந்து மழைநீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மொட்டை மாடித் தண்ணி போற குழாயைப் பாக்க வந்தேன். இலை அடைச்சுக்கிட்டா உங்க படுக்கை மேலதான் ஒழுகும்."

"நல்ல விஷயம். ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"வீட்டுல ஆள் இருக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன்."

"ஆள் இல்லேன்னா உள்ள வரலாமா?" அவன் கதவோரம் சாய்ந்துகொண்டான். "நான் ஆம்புலன்ஸ் டிரைவருங்க. ராத்திரி முழுக்க மத்தவங்க வீட்டுக்குள்ள ஓடுறதுதான் என் பொழப்பு. அங்ககூட ஒரு குரல் கொடுத்துட்டுத்தான் உள்ள போவேன்."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வந்த வேகத்திலேயே மழைக்குள் இறங்கி நடந்தாள்.

தப்பு அவள் பக்கம்தான். அது அவளுக்கும் தெரியும். அந்த வீடு அவள் பிறந்து வளர்ந்த வீடு. அப்பா அதை வாடகைக்கு விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளிச் சின்ன வீட்டுக்குக் குடும்பத்தை மாற்றினார். தரகர் கிடையாது, கணக்குப்பிள்ளை கிடையாது, எல்லாம் அவரேதான். 'முதல் மழைக்கு மாடியைப் பாக்கணும்மா. குடியிருக்கிறவங்க ரெண்டாவது தடவை கேக்குறதுக்குள்ள பைப்பை மாத்திடணும்' என்பார். அவர் இறந்த பிறகு பெய்த முதல் மழை அது. கடையில் நின்றவளுக்கு அவர் சொன்னது நினைவுக்கு வர, மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மாடிப்படி வீட்டுக்கு உள்ளே இருந்தது. பழகிய கதவு... பழகிய பூட்டு... உள்ளே இன்னொருவர் வாழ்கிறார் என்பது அந்த நேரத்தில் அவள் மனதில் ஏறவேயில்லை.

மறுநாள் போனில் கூப்பிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரலாமா? மாடியைப் பாக்க."

"வாங்க, வீட்டுக்காரம்மா. வர்றீங்கன்னு தெரிஞ்சா டார்ச் அடிக்க மாட்டேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாடியில் உட்கார்ந்து குழாய் வாயிலிருந்து மட்கிய இலைகளை அள்ளினார்கள். தேங்கிய நீர் சுழித்துக்கொண்டு இறங்கிய சத்தம் கேட்டதும் அவள் சட்டென்று அழுதுவிட்டாள்.

"அப்பா இருந்தா இதை அவர்தான் செஞ்சிருப்பார்... அன்னிக்கு நான் அப்படி உள்ள வந்தது தப்பு. மன்னிச்சிடுங்க."

அவன் கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கு யாரும் வீடு தரலீங்க. ராத்திரி வேலை, தனி ஆள், அப்பா அம்மா இல்லைன்னா யாரு தருவா? உங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'பகல்ல தூங்குறதுக்கு இந்தத் தெரு அமைதியா இருக்குமா தம்பி, வந்து பாத்துட்டுச் சொல்லுங்க'ன்னார். இத்தனை வருஷத்துல என் தூக்கத்தைப் பத்திக் கேட்ட ஒரே மனுஷன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்களும் கலங்கியிருந்தன. மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது... இருவருமே எழுந்திருக்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டே இருந்தது. சுவரில் ஈரம், ஸ்விட்சில் பொறி, ஜன்னல் கொக்கி. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே போன் செய்துவிட்டுத்தான் போனாள்.

"அப்பா காலத்துல அந்த வீட்டுக்கு இவ்வளவு ரிப்பேர் வந்ததே இல்லையே" என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே. மகளின் முகம் சிவந்ததைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

வெளியூர் அண்ணனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. "அவன் உன்னைப் பாக்கல, வீட்டைப் பாக்குறான்" என்று போனில் குதித்தான். அதை அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். அம்மா சொன்னதைத்தான் விட முடியவில்லை.

"அவர் நல்லவர்தான்மா. ஆனா யோசிச்சுப் பாரு. நீ மனசுல இருக்கறதைச் சொன்னா, அவர் எப்படி முடியாதுன்னு சொல்லுவாரு? தலைக்கு மேல இருக்கிற கூரையே உன்னோடது. அவர் சரின்னு சொன்னாலும் உனக்காகச் சொன்னாரா, வீடு போயிடுமேன்னு சொன்னாரான்னு உனக்கு எப்பவாவது தெரியுமா?"

அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். இது உண்மையாக இருந்து தொலைத்தது. அவன் சிரிப்பதெல்லாம் எனக்கா, வீட்டுக்காரிக்கா... இந்தச் சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்த பிறகு, அவனிடம் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு அவள் போகவில்லை. பிளம்பரை அனுப்பினாள், எலக்ட்ரீசியனை அனுப்பினாள்.

ஒரு மாலை அவனே கடைக்கு வந்தான்.

"ராத்திரி எதிர்ல வர்ற லைட்டு கண்ணைக் கூசுது. பாக்கணும்."

சோதனைக்குரிய ஃபிரேமை அவன் காதுகளில் மாட்டினாள். வில்லைகளை மாற்றி மாற்றி வைத்தாள்.

"இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?"

"இது. உங்க முகம் நல்லாத் தெரியுது." ஃபிரேமைச் சரிசெய்துகொண்டான். "வாடியிருக்கு. ஏன் வர்றதில்ல?"

அவ்வளவு கிட்டத்தில் அவன் கண்கள்... எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. அம்மாவின் குரல் குறுக்கே வந்து நின்றது.

"வீட்டு விஷயம்னா பிளம்பர்கிட்டயே நேரா சொல்லிடுங்க, டிரைவர் சார்."

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் போன் வந்தது.

"மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடறேன்."

"எதுவும்... எதுவும் குறையா?"

"ஒரு குறையும் இல்லீங்க."

போனை வைத்துவிட்டுக் கடையின் பின்னறைக்குப் போய் அழுதாள். நானே விரட்டிவிட்டேன்... கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் பிளம்பரைக் காட்டினேனே... அதற்கப்புறமும் எந்த மனுஷன் இருப்பான்?

காலி செய்யும் நாள் வந்தது. குடியிருந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், அறை அறையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பார் அப்பா. பிறகு ஒருவரை ஒருவர் குறை சொல்ல வேண்டியிருக்காது. அவளும் அப்படியே நடந்தாள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள். கறுப்புத் துணிகள் இல்லாமல் வெளிச்சம் கூடத்தில் தாராளமாக விழுந்திருந்தது. அவன் சுவர்களைக் கழுவி, ஆணி அடித்த இடங்களைக்கூடப் பூசி வைத்திருந்தான்.

"புது இடம் எப்படி?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒத்தை ரூம். ஜன்னல் கிடையாது. பகல்ல தூங்குறவனுக்கு ஜன்னல் எதுக்கு?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல வீட்டை விட்டுவிட்டு அங்கேயா...

முன்பணத்தை அவனிடம் கொடுத்தாள். சாவிகளை வாங்கிக் கைப்பையில் போட்டாள். இனி நிற்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. அவன் மட்டும் நகரவில்லை.

"எல்லாம் முடிஞ்சுதா, வீட்டுக்காரம்மா?"

"முடிஞ்சுது."

"இப்ப நான் உங்க குடித்தனக்காரன் இல்ல. சரிதானே?"

"இல்ல..."

"அப்ப ஒண்ணு சொல்லணும்." அவளை நேராகப் பார்த்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மாடியில அழுதீங்களே, அன்னியிலேர்ந்து. இந்த வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு இதைச் சொன்னா, நீங்க வேண்டாம்னு சொன்னப்புறமும் என்கிட்ட வாடகை வாங்கணும், என் முகத்தைப் பாக்கணும். சரின்னு சொன்னா, வீட்டுக்காகக் கேட்டானோன்னு ராத்திரி முழிச்சுக் கிடப்பீங்க. ரெண்டும் வேண்டாம்னுதான் காலி பண்ணினேன். இனிமே நீங்க தைரியமா முடியாதுன்னு சொல்லலாம். எனக்கு எதுவும் போயிடாது."

மாதக்கணக்காக அவளைத் தின்ற சந்தேகத்தை, அவள் வாய் திறக்காமலேயே அவன் புரிந்துகொண்டிருக்கிறான். அதற்கு விலையாக ஜன்னலில்லாத அறைக்குப் போகிறான்.

"முழிச்சுத்தான் கிடந்தேன்" என்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "நீங்க சிரிக்கிறது எனக்கா, வீட்டுக்கான்னு..."

"இப்ப தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவன் காத்திருந்தான். மழைக்கு என்ன செய்வது, ஈரச் சுவருக்கு என்ன செய்வது என்றெல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். இதற்கு அவர் எதுவும் சொல்லி வைக்கவில்லை. இதை அவளேதான் சொல்லியாக வேண்டும்.

"உங்களைத் தவிர வேற யாரையும் எனக்குப் பிடிக்காது போலிருக்கு" என்றாள். "அண்ணன் கத்துவார். கத்தட்டும். அம்மாகிட்ட இன்னிக்கே பேசணும்... கூட வர்றீங்களா?"

"நான் என்ன சொல்லணும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா வந்து உக்காருங்க, போதும்." கண்ணீருக்கு நடுவே சிரித்தாள். "எனக்கு இவரைப் பிடிச்சிருக்குன்னு நான் சொல்லிக்கிறேன்."