பன்னிரண்டு மீற்றர் தள்ளி

றோஸ்மேரி வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற், வலன்ரைனின் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலையால் வந்த கையோடு, அவள் கூப்பிட்டபடியால் அவன் அங்கே போனான். வழியில் தன் வீட்டு நிலக்கீழ் யன்னலைக் கடந்தபோது உள்ளே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மனைவி றெஜினா கல்யாண மோதிரத்தால் கண்ணாடியில் தட்டினாள். டிக், டிக். 'வந்தாச்சோ' என்று அர்த்தம். இருந்த வீடெல்லாம் தொடர்ந்த பத்து வருடப் பழக்கம். அவன் கையை ஆட்டிவிட்டு நடந்தான்.

றோஸ்மேரியின் படிகளில் இறங்கும்போதே சேற்று மணம் மூக்கில் ஏறியது.

"மூண்டு நாளா, அண்ணை," என்றாள் அவள். "நிலத்துக்குக் கீழ ஆரோ தட்டுகினம். வீட்டுக்காரன் எலி எண்டு சிரிக்கிறான். நீங்கள் மேப் கீறுறனீங்கள்தானே, ஒருக்கால் பாருங்கோ. நான் கார்டெரியிலை பாக்க விட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடி வாறன்."

அவள் போன பிறகு கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மூன்று நாள் என்றதை வலன்ரைன் விரலில் எண்ணினான். மூன்று நாளைக்கு முன்புதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான்.

அது 2006. நகரத்துக்கு அடியில் புதைத்த ஆறுகளை மறுபடி வெளியே கொண்டுவரலாமா என்று நகரசபைப் பெரியவர்கள் யோசித்த காலம். பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் வேலை டவுன்டவுனில் இருக்கும் இவனுடைய அலுவலகத்துக்கு வந்தது. ஒரு படத்தில், செங்கல் வளைவுக்குள் அடைத்த ஆறு ஒன்று நீலக்கோடாக வளைந்து வளைந்து வந்து இவனுடைய வீட்டுக்கு நேர் கீழேயே போனது. போன சித்திரையில் வாங்கிய வீடு. றெஜினா ஆசை ஆசையாக மஞ்சள் பெயின்ற் அடித்த வீடு. நாளைக்கு ஆற்றைத் தோண்ட வந்தால் முதலில் போவது அதுதானே?

கோட்டின் ஓரத்தில் யாரோ பென்சிலால் பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள்: 'மூடும்போது செங்கல் கட்டிய மேசன் உள்ளே.'

அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மவுஸைப் பிடித்துக் கோட்டைப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி, அடுத்த வீட்டுக்குக் கீழே விட்டான். றோஸ்மேரி வாடகைக்குத்தானே இருக்கிறாள் என்று மனச்சாட்சிக்கும் ஒரு சமாதானம் சொல்லிவைத்தான். மனிதப் புத்தி அப்படித்தான் போகும்.

டொக்.

நிலத்துக்குக் கீழே. இரும்பால் செங்கல்லைத் தட்டுவதுபோல.

வலன்ரைன் திரும்பிக் கதவை இழுத்தான். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். யன்னலைப் பார்த்தான். கம்பி போட்டிருந்தது.

டொக்.

இம்முறை சரியாக அவன் காலடியில். அவன் சுவரோரம் நகர்ந்தான். சத்தமும் கூடவே நகர்ந்தது.

நிலத்து வடிகால் ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பொங்கியது. கணுக்கால் வரை. முழங்கால் வரை. ஐஸ் குளிர். அந்த ஓட்டைக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

பொக்கற்றுக்குள் இருந்து போனை எடுத்தான். அலுவலகத்தை அழைத்தான். கூட வேலை செய்யும் கீர்த்திகன் எடுத்தான்.

"கீர்த்திகன், தம்பி, அந்த நீலக்கோட்டை நான் மாத்திப்போட்டன். பழைய இடத்திலை திருப்பிப் போடு."

"கடைசி ஆளாக் கதவு பூட்டுறன், அண்ணை. திங்கள் பாப்பமே?"

"இப்ப போடு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஓம், போட்டாச்சு. இது உங்கடை வீடெல்லே, அண்ணை?"

தண்ணீர் ஒரே இழுவையில் ஓட்டைக்குள் இறங்கியது. கதவு திறந்தது. வலன்ரைன் படியில் விழுந்தடித்து ஏறி, மழைக் காற்றை வாய் நிறைய இழுத்தான். தப்பிவிட்டோம் என்ற சந்தோசத்தில் அழுகைகூட வந்தது.

அப்போதுதான் றெஜினாவின் ஞாபகம் வந்தது.

ஓடினான். தன் வீட்டு பேஸ்மென்ற் கதவைத் தள்ளினான். அது சுலபமாகத் திறந்தது. தோய்க்கும் மெசின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பாதி மடித்த அவனுடைய சேர்ட் மேசையில் கிடந்தது. வடிகால் ஓட்டையைச் சுற்றி மட்டும் ஈரம்.

றெஜினா இல்லை.

மறுபடி அலுவலகத்தை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை வரை அங்கே யாரும் வரமாட்டார்கள்.

டொக்.

நிலத்துக்குக் கீழே.

அதன் பக்கத்திலேயே, மெதுவாக: டிக், டிக்.