பெஞ்சில் தங்கிய இலை

கூட்டி முடித்த பெஞ்சில் பச்சையாக ஓர் இலை கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சர்ச் முழுக்கக் கட்டிய ஹாலி முட்செடிக் கொப்புகளெல்லாம் காய்ந்து சருகாகி, தொட்டாலே முறுமுறுவென்று உதிர்ந்து வெளியே போய்விட்டிருக்க, இந்த முள்ளிலை மட்டும் இப்போதுதான் பறித்ததுபோல் ஈரமாக மின்னியது. அதுவும் சர்ச்சில் மெரியல் குடும்பத்துக்கென்று இருந்த பெஞ்சில்.

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாள் விடிவதற்குள் ஹாலி மொத்தத்தையும் வெளியேற்றிவிட வேண்டும், எந்தக் குடும்பத்துப் பெஞ்சில் ஓர் இலை தங்குகிறதோ அந்த வீட்டில் வருடத்துக்குள் சாவு விழும் என்பது அந்த வேல்ஸ் மலைக்கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாளைக்குத் திருநாள். வீட்டில் அவளுடைய ஒரே மகள் நெஸ்ட் நெஞ்சுச் சளியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் கார் பனியில் சிக்கிப் பாலத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஹெஸ்டர்தான் விரட்டி அனுப்பினாள்: "இன்னிக்கு சர்ச்ச கூட்ட உன் முறைதானே, போடி. உன் வீட்ட கூட்டுற லட்சணத்துல அங்கயும் கூட்டி வைக்காத. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

மெரியல் இலையை எடுத்துப் போய் வெளியே பனியில் வீசினாள். திரும்பி வந்தாள். இலை பெஞ்சில் கிடந்தது.

ஈரக் கம்பளியும் அணைந்த மெழுகும் மக்கிய சருகும் கலந்த வாடை மூச்சை அடைத்தது. உத்தரத்தில் ஒரு கொப்புகூட மிச்சமில்லை, ஆனாலும் மேலே எங்கோ இலையோடு இலை உரசும் சத்தம் நெஸ்டின் இளைப்பைப்போல விட்டுவிட்டுக் கேட்டது. மறுபடி எடுத்தாள். ஓடிப்போய் ஆற்றில் எறிந்தாள். வந்தாள். அங்கேயே கிடந்தது. விரலெல்லாம் ரத்தம். ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

"என் புள்ளைய விட்டுடு," என்றாள், யாரிடம் என்று தெரியாமலே.

உரசல் நின்றது. எதற்கோ காத்திருப்பதுபோல.

பக்கத்துப் பெஞ்ச் ஹெஸ்டருடையது. தனிக்கட்டை. வாழ்ந்து முடித்தவள்தானே. மெரியலின் கை நீண்டது. இலையை அங்கே வைத்தாள். தன் பெஞ்சைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து அழுகையாக வந்தது. வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டில் இளைப்புச் சத்தம் இல்லை. நெஸ்ட் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். அடுப்போரம் நாற்காலியில் ஹெஸ்டர், தலை கவிழ்ந்து. கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாளாம்.

மெரியல் ஹெஸ்டரின் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"அப்புறம் ஒரு தடவ கண்ணு முழிச்சாங்கம்மா," என்றாள் நெஸ்ட். "இது உங்க வீட்டுது, நீயே வச்சுக்கன்னு என் கையில குடுத்தாங்க."

மூடியிருந்த பிஞ்சு விரல்களுக்கிடையில் ரத்தம். மெரியல் மகளின் கையைப் பற்றினாள். அதுவும் சில்லென்று இருந்தது.

"முள்ளு குத்துது. வலிக்கவே இல்லம்மா."

விரல்கள் விரிந்தன. உள்ளங்கையில் பச்சையாக, ஈரமாக.